போனவர்கள் ஏழு பேர்

ஜூலை 3, புதன்

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். போனால் மேஜை மேல் ஒரு நீள நோட்டு. இன்று முதல் நான் கூடைப்பந்து அணிக்கு மேனேஜராம். இருபத்தொரு வருடமாகத் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உருண்டையாக நான் கையில் பிடித்தது பூசணிக்காய் ஒன்றுதான். அதைச் சொன்னேன். விளையாட்டுத் தெரிய வேண்டியதில்லை, கண்ணும் காதும் இருந்தால் போதும் என்றார்.

விஷயம் இதுதான். போன ஜூனில் அணியில் பதினைந்து பிள்ளைகள். இந்த ஜூனில் எட்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, விடுதியில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏழு பேர் பாதியில் போய்விட்டார்கள். ஒரு பெண்ணின் அப்பா நாலு பக்கத்துக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறார். பயிற்சியாளர் ஜெபக்கனி வாயைத் திறந்தால் பிள்ளைகள் அழுகிறார்கள் என்பது மனுவின் சாரம். ஜெபக்கனியின் ஒப்பந்தம் இந்த ஆகஸ்டோடு முடிகிறது. நீட்டிப்பதா, அனுப்பிவிடுவதா என்று ஆகஸ்ட் 20-ம் தேதி கமிட்டி கூடி முடிவு செய்யும். அதற்குள் அவர் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்று நாள் போட்டு நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நீங்க யாரையும் கடிஞ்சு பேசாத ஆளு. அதான் உங்களைப் போட்டேன்" என்றார் முதல்வர்.

அது உண்மைதான்.

ஜூலை 4, வியாழன்

காலை ஐந்தரைக்கு மைதானம். பாளையங்கோட்டையே தூங்கிக்கொண்டிருக்கிறது, இந்த எட்டுப் பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஜெபக்கனிக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். என் தோளுக்குத்தான் வருகிறார். குரல் மட்டும் சமாதானபுரம் வரை போகும். ஒலிபெருக்கி தேவையில்லை, குறைக்கிற கருவி ஏதாவது இருந்தால் நல்லது.

கேட்டவை, கேட்டபடியே எழுதுகிறேன். "ஏட்டி, பந்து ஒனக்கு மாமியாளா, பாத்ததும் ஒதுங்குத?" "கையில எண்ணெயத் தேச்சிட்டு வந்தியோ?" "நீ போடுத லெட்சணத்துக்கு அந்தக் கூடையில முருங்கக்காய் போட்டு விக்கலாம்." "போறவ போலாம், கேட்டு தொறந்துதான் கெடக்கு." கடைசி வாக்கியத்தை மட்டும் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை சொன்னார்.

இன்னொன்று. பிந்தி வருகிறவளுக்குத் தண்டனை கிடையாது. மைதானத்துக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்துவிடுகிறார். மற்றவர்கள் அவளைச் சுற்றி இருபது சுற்று ஓட வேண்டும், அவள் உட்கார்ந்தபடி ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும். இன்று உட்கார்ந்த பெண் பதினைந்தாவது சுற்றில் அழுதுவிட்டாள். இப்படியும் ஒரு மனுஷி யோசிப்பாளா என்று எனக்கு உடம்பே கூசிப்போனது. அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளின் பைகள் கண்ட இடத்தில் கிடந்தன. சுவரோரமாக வரிசைப்படுத்தி வைத்தேன். வந்ததற்கு ஒரு உபயோகம்.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டு பிள்ளைகள் பழக்கமாகிவிட்டார்கள். ஒருத்தி கேப்டன் பேச்சியம்மாள், மூன்றாம் ஆண்டு. பேச்சு என்பது பெயரில் மட்டும்தான். இன்னொருத்தி இரண்டாமாண்டு இசக்கி, கயத்தாறு பக்கம் ஊர். ஐந்தடி மூன்றங்குலம்தான், ஆனால் பந்தோடு அவள் ஓடினால் மற்றவர்கள் நிற்கிற மாதிரி தெரியும். அவளுடைய அறைத்தோழி அனிட்டா ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. இருவரும் சேர்ந்து நடந்து வந்தால் பத்தாம் எண் மாதிரி இருக்கிறது.

தண்ணீர் குடிக்க விடும்போதெல்லாம் இசக்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எனக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். பந்தைத் தட்டாமல் இரண்டு அடிக்கு மேல் வைத்தால் தப்பு. மேலே இடித்தால் பௌல். ஒரு ஆளுக்கு ஐந்து பௌல் ஆகிவிட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். நான் இன்று ஒரு கோல் போனது நன்றாக இருந்தது என்று சொன்னதற்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் என்று சொல்லவில்லை.

"நீங்க வந்த பொறவு நல்லா இருக்கு மேடம்" என்றாள். "திட்டு வாங்கிட்டு வந்து ஒக்கார ஒரு எடம் இருக்கு."

அறிக்கைக்குத் தேவையில்லாத விஷயம். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

பரோட்டா தடை செய்யப்பட்டிருக்கிறது. திருநெல்வேலியில் இருந்துகொண்டு சால்னா வாடையே படக்கூடாது என்று எட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டம். சனிக்கிழமை வண்ணார்பேட்டையில் இருவர் ஒரு கடையில் நுழைவதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். இன்று காலை ஜெபக்கனி ஒன்றுமே சொல்லவில்லை. முப்பது முறை மைதானத்தின் குறுக்கே ஓடவிட்டு, "இப்ப ஒரு பரோட்டா செரிச்சிருக்கும். எத்தன தின்னிய?" என்று கேட்டார். இருவரும் நாலு நாலு என்று உண்மையைச் சொல்லிவிட்டார்கள். பாவம், பொய் சொல்லவும் வரவில்லை.

ஆளுக்கு இரண்டு என்று சொல்லியிருக்கலாம் என்று நான் பிறகு அவர்களிடம் சொன்னேன்.

ஜூலை 19, வெள்ளி

சாரல். பயிற்சி உண்டு. தும்மல் எனக்கு மட்டும்.

ஜூலை 24, புதன்

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றோடு பயிற்சி ஆட்டம். அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு, நாம் ஜெயித்தோம். இசக்கி மட்டும் பத்தொன்பது.

நடுவர் ஒரு முறை என்னிடம் வந்து, மேடம் கோட்டுக்கு உள்ளே வராதீர்கள் என்றார். நான் கோட்டுக்குள் போகவில்லை. ஒரு கால் கொஞ்சம் பட்டிருக்கலாம். எதிர் அணியில் ஒரு நெட்டைப் பெண் இசக்கியின் முழங்கையை இழுத்தாள், கண் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், நடுவர் பார்க்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டினேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், தொண்டை ஏன் கட்டியிருக்கிறது என்று கேட்டார். சாரல் என்றேன்.

ஜெபக்கனி ஆட்டம் முடிந்து ஜெயித்த பிள்ளைகளை நிற்கவைத்து அரை மணி நேரம் தவறுகளைச் சொன்னார். நல்லது என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாவது கால் பகுதியில் நமது தடுப்பு மோசமாகத்தான் இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

பேச்சியம்மாள் தன் பையைத் தனியாகக் கூடைக் கம்பத்தடியில் வைத்திருந்தாள். எடுத்து மற்ற பைகளோடு வரிசையில் வைத்தேன். ஜெபக்கனி அதை மறுபடி தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்தடியிலேயே வைத்துவிட்டு, பையைத் தொட வேண்டாம் மேடம் என்று என்னிடம் முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். ஒழுங்கு என்றால் இவருக்கு ஆகாது போலிருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

பேச்சி இன்று சரியாக ஓடவில்லை. அவளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேப்டனுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஜெபக்கனியின் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. நாளையிலிருந்து மூன்று நாள் விடுப்பு. விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கொடுக்க மனசே இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"நீங்க சும்மா நின்னா போதும் மேடம். பேச்சி பாத்துக்கிடுவா."

சும்மா நிற்பதற்கு விசில் எதற்கு?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விசில் ஊதுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. நான் ஊதியதும் எட்டுப் பேரும் சட்டென்று நின்றார்கள். வகுப்பில் எண்பது பேரை நிறுத்த எனக்குக் கால் மணி நேரம் ஆகும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அனிட்டா போய்விட்டாள். சென்னையில் ஒரு கல்லூரி கூப்பிட்டிருக்கிறது, அங்கே மரத்தளம் போட்ட உள்ளரங்கம், குளிரூட்டிய விடுதி. அவள் அப்பா காலையிலேயே வந்து பெட்டியோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு, அப்படியே போய்விட்டது. பல்கலைக்கழகப் போட்டிக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

இசக்கி இருபத்தைந்து நிமிடம் பிந்தி வந்தாள். பையை ஒழுங்காக வைக்கக்கூட இல்லை, கம்பத்தடியில் போட்டுவிட்டு வந்து நின்றாள். எடுத்துச் சுவரோரம் வைத்தேன். நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னேன். பேச்சி ஏதோ சொல்ல வந்தாள், விசில் ஊதினேன். ஆறு பேரும் ஓடினார்கள். இசக்கி எண்ணினாள். சத்தம் வரவில்லை, சத்தமாக எண்ணச் சொன்னேன். இரண்டு வார்த்தை கண்டித்தேன். கண்டிப்பு இல்லாமல் ஒரு அணியை நடத்த முடியாது என்பது இந்த மூன்று நாளில் எனக்கு விளங்கிவிட்டது.

மாலை பயிற்சிக்கு இசக்கி வரவில்லை. தலைவலி என்றார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இசக்கி காலை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். கட்டிலில் போர்வை மடித்து வைத்திருக்கிறது, மேலே அணிச் சீருடை. விடுதிக் காப்பாளரிடம் இனி வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். காரணம் அனிட்டாதான். அறைத்தோழி இல்லாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. சின்னப் பிள்ளைதானே.

மத்தியானம் முதல்வர் அறையில் ஜெபக்கனி, நான். விடுப்பு முடிந்து இன்றுதான் வந்திருந்தார், அம்மாவின் கண் சொட்டு மருந்து சீட்டு இன்னும் கையில் இருந்தது. முதல்வர் விரலை மடக்கிக் காட்டினார். ஏழு, எட்டு, இப்போது ஒன்பது. கமிட்டிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். இசக்கி ஏன் போனாள் என்று ஜெபக்கனியிடம்தான் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை.

"என் டீமு மேடம். போனா நான்தான் பொறுப்பு" என்றார் ஜெபக்கனி.

நேற்று நான் ஊரில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மூன்றாவது மணி வகுப்பு இருந்தது, எழுந்து வந்துவிட்டேன். போன பிறகுதான் அந்த வகுப்பு நாளைக்கு என்று நினைவு வந்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பயிற்சியில் இப்போது ஆறு பேர். ஐந்து பேர் ஆட, ஒருத்தி உட்கார. தண்ணீர் நேரத்தில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பேச்சியம்மாள் வந்தாள். உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள். இந்த நாற்பது நாளில் அவள் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது.

கம்பத்தடியில் பை வைத்தால், இன்று எனக்கு முடியவில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று அர்த்தமாம். உடம்போ மனசோ வீடோ, எதுவாகவும் இருக்கலாம். வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஜெபக்கனி அந்தப் பையைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவளைத் திட்ட மாட்டார், நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார், ஏன் என்றும் கேட்க மாட்டார். மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, சரியாயிட்டாட்டி என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். நாலு வருடமாக இப்படித்தான் நடக்கிறதாம்.

அன்று இசக்கி பிந்தியது அனிட்டாவைப் புதிய பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததால். பஸ் கிளம்பும்வரை நின்று அழுதுவிட்டு, அங்கிருந்து ஓடியே வந்திருக்கிறாள்.

நான் இந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். திட்டு ஒவ்வொன்றும் இருக்கிறது, தேதியோடு. பை விஷயம் என் கண்ணெதிரே தினமும் நடந்திருக்கிறது, நானே இரண்டு முறை அதை எழுதியும் இருக்கிறேன், குற்றம் என்று.

ஆகஸ்ட் 14, புதன்

பயிற்சிக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம் முடிந்து, கொடுத்த மிட்டாயைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேரே கயத்தாறு பஸ் ஏறினேன். இவரிடம் போனில்தான் சொன்னேன்.

இசக்கியின் அம்மா தையல் மிஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். என் சேலையில் குத்தியிருந்த கொடியைப் பார்த்து ஏதோ சர்க்கார் ஆள் என்று நினைத்துவிட்டார். டீச்சர் என்றதும் ஊசியை நிறுத்திவிட்டு நாற்காலியைத் துடைத்தார். நான் நின்றேன். இசக்கி உள்ளே இருந்து வந்து, வாங்க மேடம் என்றாள். சிரிக்கவில்லை.

என்ன பேச வேண்டும் என்று பஸ்ஸில் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அனிட்டா, போட்டி, எதிர்காலம், ரயில்வே வேலை. அதில் பாதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குறுக்கிட்டு, நான் அன்று என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டாள். நினைவிருந்தது. அது உறுத்தியதால்தான் எட்டாம் தேதி அதை எழுதாமல் விட்டேன்.

'அவளோடயே நீயும் போயிருக்கலாமே. நீ இல்லேன்னா இங்க யாருக்கு என்ன நஷ்டம்?' இதுதான் நான் சொன்னது. ஆறு பேர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவள் பதினொன்று என்று எண்ணி முடித்ததும் சொன்னேன்.

"ஜெபக்கனி மேடம் சொல்லிருந்தா நான் சிரிச்சிக்கிட்டே போயிருப்பேன் மேடம்" என்றாள் இசக்கி. "அவிய தெனமும் நாலு பேரப் போகச் சொல்லுவாவ. நீங்க யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டியள்லா. நீங்க சொன்னதும், நெசமாவே நான் வேண்டாம் போலன்னு நெனச்சிட்டேன்."

என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. நாற்பத்தாறு வயதில், யார் வீட்டிலோ, சேலையில் கொடியைக் குத்திக்கொண்டு நின்று அழுதேன். தப்புப் பண்ணிவிட்டேன் இசக்கி என்று சொன்னேன். என் மகளிடம்கூட நான் அப்படிச் சொன்னதில்லை. அவளுடைய அம்மா என்ன ஏது என்று தெரியாமலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ இசக்கி சொல்லவில்லை. பஸ் வரும்வரை கூட வந்து நின்றாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஒன்று தோன்றியது. ஜெபக்கனி போ என்றால் சிரித்துக்கொண்டே ஓடத் தெரிந்தவர்கள்தான் மிச்சமிருக்கிறார்கள். அப்படிச் சிரிக்கத் தெரியாத ஏழு பேர் போயிருக்கிறார்கள். பை வைக்க ஒரு கம்பம் இருந்தும் போயிருக்கிறார்கள்.

மிட்டாயைக் கொடுக்க மறந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

நோட்டைக் கொடுக்கப் போனேன். முதல்வர் உட்காரச் சொல்லிவிட்டு முழுவதையும் படித்தார். பரோட்டாவில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

எட்டாம் தேதியிலிருந்து வருவதைத் தனியாக எடுத்துவிடலாமே என்றார். அது என் மேல் வருகிறது, என் பணிப்பதிவேட்டில் ஏறும், பதவி உயர்வு நேரத்தில் வீண் வம்பு, கமிட்டிக்கு வேண்டியது பயிற்சியாளரைப் பற்றி மட்டும்தானே என்றார். என் நன்மைக்காகத்தான் சொன்னார். ஒரு நிமிடம் எனக்கும் அது சரிதான் என்று பட்டது, அதை மறைக்கவில்லை.

எடுப்பதானால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், கொடுப்பதானால் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்றேன். ஒன்பதாவது ஆளை அனுப்பியது நான், ஜெபக்கனி இல்லை. அவர் அனுப்பிய கணக்கில் இதைச் சேர்க்க முடியாது. அவர் செய்ததை நான் மெழுகவும் மாட்டேன், நாற்காலிக்குப் போட்ட அடிக்கோடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

முதல்வர் நோட்டை மூடினார். விதிப்படி இதை ஜெபக்கனியிடம் காட்டி விளக்கம் வாங்க வேண்டும் என்றார் கடைசியில். அவரைப் பற்றிக் குரல், மாமியார், முருங்கைக்காய் என்று நான் எழுதியிருப்பது எல்லாம் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இதை முதல்வர் மட்டும் படிப்பார் என்றல்லவா நினைத்திருந்தேன். இன்றையதையும் எழுதிச் சேர்த்து, திங்கட்கிழமை காலையில் நோட்டைக் கொடுத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 21, புதன்

நோட்டு இன்றுதான் என் கைக்குத் திரும்பியது. நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

இசக்கி திங்கட்கிழமை வந்துவிட்டாள். ஐந்தேகாலுக்கே மைதானத்தில் நின்றாள். ஜெபக்கனி அவளைப் பார்த்துவிட்டு, பத்து நாள் தின்ன சோத்தையெல்லாம் கரைக்கணும், ஓடுட்டி என்றார். ஓடினாள். என்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. எனக்குத் தாங்கவில்லைதான், ஆனால் அது அவள் இஷ்டம்.

நேற்றுக் கமிட்டி. ஜெபக்கனி எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரே வரியாம்: இதில் இருப்பது எல்லாம் உண்மை. ஒப்பந்தத்தை மார்ச் வரை நீட்டியிருக்கிறார்கள், அதன் பிறகு மறுபடி பார்ப்பார்களாம். நாற்காலி கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். மேனேஜர் வேலைக்கு வேறு யாரும் முன்வராததால் அதில் நானே நீடிக்கிறேன்.

இன்று காலைப் பயிற்சி முடிந்ததும் ஜெபக்கனி இந்த நோட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். பிரித்தால் உள்ளே எல்லாம் சிவப்பு மை. விடைத்தாள் திருத்துகிற மாதிரி திருத்தியிருக்கிறார். கோல் என்று நான் எழுதிய இடத்தில், 'கோல் இல்லை மேடம், பாஸ்கெட்.' குரலைக் குறைக்கிற கருவி என்ற இடத்தில், 'சரி.' பரோட்டாப் பக்கத்தில், 'ஆளுக்கு இரண்டு என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானா?' தூத்துக்குடி ஆட்டத்தில், 'ஒரு கால் இல்லை, இரண்டு காலும்.' மூன்றாவது கால் பகுதித் தடுப்பு பற்றிய வரிக்கு ஒரு பெரிய டிக். அந்த டிக்கைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதிப் பக்கத்தில் நான் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நேரே, சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்.

'இதை நான் ஏழு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி வீட்டுக்கும் போனதில்லை.'

அதற்குக் கீழே ஏழு பெயர், ஏழு ஊர். ஒன்றுக்குக்கூட அவர் விடுதிப் பதிவேட்டைப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. எல்லா ஊரும் அவருக்கு மனப்பாடம்.

மாலையில் மைதானத்தில் என்னிடம் வந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, சங்கரன்கோவிலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார். ஏழேகாலுக்கு, நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பஸ்ஸில் ஜெபக்கனி ஜன்னலோரம். விசில் இல்லாமல், சேலையில், யாரோ மாதிரி இருந்தார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். சொல்லிக் காட்டினார். மைதானத்தில் கத்துகிற அதே தொனியில், "அன்னைக்கிப் பேசுனது தப்பு, மன்னிச்சிக்கோ" என்றார். முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, யாரிடம் எதற்கு மன்னிப்பு என்று புரியாமல் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். இன்னும் மெதுவாக என்றேன். மானூர் தாண்டும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதிகாரம் போகவில்லை. குறைந்தது, அவ்வளவுதான்.

பட்டியலில் முதல் பெயர் முப்பிடாதி. போன அக்டோபரில் போனவள். வீட்டைத் தேடிப் பிடிக்க அரை மணி ஆயிற்று. வாசலில் குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், அகலமான தோள், எனக்கே இப்போது பார்த்தால் தெரிகிறது, நடுவில் நிற்க வேண்டிய பெண். ஜெபக்கனியைப் பார்த்ததும் குழாயை நிறுத்தாமலேயே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றுவிட்டாள். பத்து மாதம் ஆகியும் அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அது மறக்கவில்லை. ஜெபக்கனியின் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை.

குடம் நிரம்பி வழிந்தது. நாலு தெரு தாண்டிக் கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. முப்பிடாதி என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லா வசனமும் தெரியும், மானூர் வரை கேட்டிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

முப்பிடாதிதான் முதலில் பேசினாள். இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டேன் மேடம், இனி வர மாட்டேன் என்றாள்.

"கூப்பிட வரலட்டி" என்றார் ஜெபக்கனி. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஒன்னய அன்னைக்கிப் போன்னு சொன்னேன்லா. ஒன்னய மாதிரி ஒருத்தி எனக்குக் கெடைக்கல. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

முப்பிடாதி பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, குனிந்து குழாயை மூடினாள். காப்பி குடிப்பியளா என்று கேட்டாள், எங்கள் இருவரையும் இல்லை, அவரை மட்டும்.